அந்தக் காலர் எங்கே தொங்கியது?

என் வீட்டில் வண்டிகளைப் பற்றிய புத்தகங்களுக்கென்று ஓர் அலமாரி தனியாக இருக்கிறது. வீட்டில் அதற்கு 'லோகோ ஷெட்' என்று பெயர். நீராவி இன்ஜின்கள் பளபளக்கும் படப் புத்தகங்கள், பாலம் கட்டிய கதைகள், டீசல் இன்ஜினின் வயிற்றை அறுத்துக் காட்டும் கையேடுகள், மோட்டார் பந்தய வீரர்களின் சுயசரிதைகள், எந்த வண்டியும் இப்போது அந்த நேரத்துக்கு ஓடாத பழைய கால அட்டவணைகள். ஸ்டேஷன் மாஸ்டர் மகளுக்கு வேறு என்ன வரும் என்று உறவினர்கள் விட்டுவிட்டார்கள். அந்த அலமாரியில் முதுகு கிழிந்து, தையல் விட்டு, பலமுறை பசை போட்டு ஒட்டி நிற்பது ஒரே ஒரு புத்தகம்தான். எல்.டி.சி. ரோல்ட் எழுதி 1955இல் வெளிவந்த 'ரெட் ஃபார் டேஞ்சர்'. பிரிட்டிஷ் ரயில் விபத்துகளின் வரலாறு. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம், திருவல்லிக்கேணி பைகிராஃப்ட்ஸ் சாலை நடைபாதையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமையல் குறிப்புகளுக்கும் வங்கித் தேர்வு வழிகாட்டிகளுக்கும் நடுவிலிருந்து பொறுக்கியெடுத்தேன்.

ஒருமுறை வீட்டுக்கு வந்த அலுவலகத் தோழி அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இத்தனை பேர் செத்த கதையைத் தலைமாட்டில் வைத்துப் படிக்கிறாயே, உனக்கு எப்படித் தூக்கம் வருகிறது?" என்று கேட்டாள். ஒவ்வொரு விபத்திலிருந்தும் ஒரு பாதுகாப்பு விதி பிறந்தது, இது மனிதர்கள் பாடம் கற்ற கதை என்று ஏதோ சொன்னேன். சொல்லும்போதே பள்ளி ஆண்டுவிழாவில் சிறப்பு விருந்தினர் பேசுவதுபோல என் காதிலேயே விழுந்தது. அவள் காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டாள். கேள்வி மட்டும் போகவில்லை. பாடம் கற்பதற்காக யாராவது ஒரே புத்தகத்தைப் பத்து முறை படிப்பார்களா? நான் படித்தது வேறு எதற்காகவோ. அது எதற்காக என்று எனக்கே விளங்க வெகுகாலம் ஆயிற்று. விளங்க வைத்தது என் அப்பா கேட்ட ஒரு கேள்வி; அதையும் அவர் எனக்குப் பதில் சொல்வதற்காகக் கேட்கவில்லை.

முதலில் ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். ரயில் ஒழுங்காக ஓடும்போது அதைப் பற்றி எழுத அதிகம் இல்லை. இன்ஜினின் குதிரைத்திறன், சக்கரத்தின் விட்டம், உச்ச வேகம் என்று பட்டியல் போடலாம். அப்படிப்பட்ட புத்தகங்கள் என்னிடமே இருபதுக்கு மேல் இருக்கின்றன; அவற்றைப் படிப்பது நகைக்கடை விளம்பரத்தைப் படிப்பதுபோல. ரயில்வே என்பது உண்மையில் ஆயிரம் பேர் ஒருவரை ஒருவர் நம்புகிற ஏற்பாடு. அந்த நம்பிக்கை எந்த நூலில் கோக்கப்பட்டிருக்கிறது என்பது நூல் அறும் அன்றுதான் வெளியே தெரிகிறது.

அயர்லாந்தில் அர்மா என்ற ஊரில் 1889 ஜூன் 12 அன்று நடந்ததைப் பாருங்கள். ஞாயிறு பள்ளிக் குழந்தைகளும் பெரியவர்களுமாகத் தொள்ளாயிரத்துக்கு மேற்பட்டவர்கள் உல்லாசப் பயணம் கிளம்பினார்கள். ஏற்றத்தில் இன்ஜின் திணறி நின்றுவிட்டது. வண்டியை இரண்டாகக் கழற்றி, முன்பாதியை மட்டும் மேலே இழுத்துப் போய் விட்டுவிட்டு வரலாம் என்று முடிவு செய்தார்கள். அந்த வண்டியில் இருந்த வேக்குவம் பிரேக், இன்ஜின் குழாயிலிருந்து காற்றை உறிஞ்சி வெற்றிடம் உண்டாக்கினால்தான் பிடிக்கும் வகை. குழாயைக் கழற்றியதும் பின்பாதிக்குப் பிரேக்கே இல்லை, கடைசிப் பெட்டியில் இருந்த கைப் பிரேக்கைத் தவிர. சக்கரங்களுக்கு அடியில் கற்களை வைத்தார்கள். முன்பாதி கிளம்பும்போது கொஞ்சம் பின்னால் நகர்ந்து இடித்தது, கற்கள் நொறுங்கின, பத்துப் பெட்டிகள் சரிவில் உருண்டு, பின்னால் வந்துகொண்டிருந்த அடுத்த வண்டியில் போய் மோதின. எண்பது பேர் வரை இறந்தார்கள். மூன்று மாதத்துக்குள் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது: பயணிகள் வண்டிகளில் எல்லாப் பெட்டிகளுக்கும் தானியங்கிப் பிரேக் வேண்டும். அதாவது வேக்குவம் இருக்கும்வரை பிரேக் விலகி நிற்க வேண்டும், குழாய் எங்கே அறுந்தாலும் தானாகவே பிடிக்க வேண்டும். முன்பு இருந்ததை அப்படியே தலைகீழாக்கினார்கள். நம் ஊர் ரயிலில் அபாயச் சங்கிலியை இழுத்தால் வண்டி நிற்பதும் இதே தத்துவத்தால்தான். சங்கிலி பிரேக்கை இழுப்பதில்லை, குழாயைத் திறந்துவிடுகிறது. இது தெரிந்த நாளிலிருந்து அந்தச் சிவப்புக் கைப்பிடியைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஏற்றமும் கற்களும் நினைவுக்கு வரும்.

ரோல்ட் இதையெல்லாம் எழுதும் விதம் அலாதி. அவர் பட்டறையில் தொழில் பழகிய இன்ஜினியர். பழைய கார்களில் பித்துக்கொண்டு, இங்கிலாந்தின் வின்டேஜ் கார் சங்கத்தைத் தொடங்கிவைத்தவர்களில் ஒருவர். படகிலேயே குடியிருந்து கால்வாய்களைப் பற்றி எழுதினார். வேல்ஸில் மூடப்பட இருந்த டாலிலின் என்ற குட்டி ரயிலைத் தன்னார்வலர்களைக் கொண்டு ஓடவைத்தார். கையில் கிரீஸ் பட்டவரின் எழுத்து என்பது இரண்டாவது பக்கத்திலேயே தெரிந்துவிடும். பிணங்களை எண்ணிக்கொண்டிருக்க மாட்டார். எந்த லீவர், எந்த மணி, எத்தனை நிமிடம் என்று கேட்டுக்கொண்டே போவார். அவருக்குக் கைகொடுத்தவை ரயில்வே ஆய்வு அதிகாரிகளின் அறிக்கைகள். 1840 முதல் அந்த வேலையைப் பார்த்தவர்கள் ராணுவப் பொறியியல் பிரிவு அதிகாரிகள். ரயில் கம்பெனிகளிடம் சம்பளம் வாங்காதவர்கள்.

ஆறு மணிக்கு மாறிய கையெழுத்து

நான் திரும்பத் திரும்பப் படித்தது குவின்டின்ஷில் விபத்தை. ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டியதும் கிரெட்னாவுக்குப் பக்கத்தில் ஒரு சிக்னல் கேபின். ஸ்டேஷன்கூடக் கிடையாது, இரண்டு மெயின் லைன், இருபுறமும் வண்டியை ஒதுக்கி நிறுத்த ஒவ்வொரு லூப், இவற்றைக் கவனிக்க ஒரு சிக்னல்மேன். 1915 மே 22. லண்டனிலிருந்து வரும் இரவு எக்ஸ்பிரஸ்கள் தாமதம். அவற்றுக்கு முன்னால் ஒரு உள்ளூர்ப் பயணிகள் வண்டியை விட்டு, இந்த இடத்தில் ஒதுக்கி நிறுத்தி, எக்ஸ்பிரஸ்களை முன்னே அனுப்ப ஏற்பாடு. ஆனால் அந்தப் பக்கத்து லூப்பில் ஏற்கெனவே ஒரு கூட்ஸ் நின்றது. எனவே இரவுப் பணி சிக்னல்மேன் ஜார்ஜ் மீக்கின், உள்ளூர் வண்டியை எதிர்த்திசை மெயின் லைனுக்குத் தள்ளி நிறுத்தினார். விதிப்படி இதில் தவறில்லை. இரண்டு காரியங்களை மட்டும் செய்திருக்க வேண்டும்: அந்த லைனில் வண்டி நிற்கிறது என்று பக்கத்துக் கேபினுக்கு மணியடித்துச் சொல்வது, சிக்னல் லீவரை யாரும் மறந்துபோய் இழுத்துவிடாதபடி அதன் கைப்பிடியில் இரும்பு வளையம் ஒன்றை மாட்டுவது. அந்த வளையத்துக்குத்தான் காலர் என்று பெயர். இரண்டும் நடக்கவில்லை.

பகல் பணிக்கு ஜேம்ஸ் டின்ஸ்லி வந்து சேர்ந்தார். அவர் வந்ததே அந்த உள்ளூர் வண்டியில்தான். ஆறு மணிக்கு வர வேண்டியவர் அரை மணி கழித்து வந்தார். இது இருவருக்கும் இடையில் நெடுநாள் ஒப்பந்தம். அந்த வண்டி இங்கே நிற்கும் நாட்களில் அதிலேயே ஏறி வந்துவிடலாம், நடக்க வேண்டாம். இதற்காக ஒரு தந்திரம் வைத்திருந்தார்கள். ஆறு மணிக்குப் பிறகு நடக்கும் வண்டி நடமாட்டங்களை மீக்கின் பதிவேட்டில் எழுதாமல் ஒரு துண்டுத்தாளில் குறித்து வைப்பார். டின்ஸ்லி வந்ததும் அவற்றைத் தன் கையெழுத்தில் பதிவேட்டில் எழுதிக்கொள்வார். மேலதிகாரி புரட்டிப் பார்த்தால் கையெழுத்து சரியாக ஆறு மணிக்கு மாறியிருக்கும். அன்றும் டின்ஸ்லி உட்கார்ந்து அதைத்தான் நகல் எடுத்துக்கொண்டிருந்தார். வேலை முடித்த மீக்கின் நாளிதழைப் பிரித்தார். போர்க்காலம், கூட்ஸ் வண்டிகளின் பிரேக்மேன்களும் கேபினுக்கு வந்து நின்றுகொண்டு செய்தி பேசினார்கள்.

இந்த நேரத்தில் உள்ளூர் வண்டியின் இன்ஜினில் கரி போடும் ஃபயர்மேன் படியேறி வந்தார். வண்டி மெயின் லைனில் நிறுத்தப்பட்டால் இன்ஜினைச் சேர்ந்த ஒருவர் கேபினுக்குப் போய், "எங்கள் வண்டி இங்கே நிற்கிறது" என்று நினைவூட்டி, காலர் மாட்டியிருக்கிறதா என்று பார்த்து, பதிவேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். பிரிட்டிஷ் ரயில்வேயில் 55ஆம் விதி. அவர் வந்தார். பேனாவை வாங்கினார். கையெழுத்துப் போட்டார். போய்விட்டார். ஏறக்குறைய அதே நேரத்தில், பக்கத்துக் கேபின் கேட்ட ஒரு படைவீரர் வண்டிக்கு டின்ஸ்லி லைன் கிளியர், அதாவது வரலாம் என்ற அனுமதி, கொடுத்திருந்தார். தான் ஏறி வந்து, கண்ணாடி ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டிருந்த வண்டி அவர் நினைவில் இல்லை. காலை 6.50 வாக்கில் லிவர்பூல் நோக்கிப் போன ராயல் ஸ்காட்ஸ் படைப்பிரிவின் வண்டி முழு வேகத்தில் வந்து மோதியது. 213 கஜ நீள வண்டி 67 கஜமாகச் சுருங்கியது. ஒரு நிமிடத்துக்குள் எதிர்ப்பக்கத்திலிருந்து எக்ஸ்பிரஸ் வந்து அந்தக் குவியலுக்குள் பாய்ந்தது. மரப் பெட்டிகள், கேஸ் விளக்குகள்; தீ மறுநாள்தான் அடங்கியது. இருநூற்று இருபதுக்கு மேற்பட்டோர் இறந்தார்கள். துல்லியமான எண்ணிக்கை இல்லை, ஏனென்றால் படைப்பிரிவின் பெயர்ப் பட்டியலும் வண்டியோடு எரிந்துவிட்டது.

டின்ஸ்லிக்கு மூன்று ஆண்டுகளும் மீக்கினுக்குப் பதினெட்டு மாதங்களும் சிறைத் தண்டனை விதித்தார்கள். ஃபயர்மேன் விடுதலையானார். சிறை சென்ற இருவரும் 1916 முடிவில் வெளியே வந்துவிட்டார்கள். பின்னாளில் வந்த சில நூல்கள் அவர்களைப் பலிகடா ஆக்கிவிட்டார்கள் என்று வாதாடுகின்றன. எனக்கு அவர்கள் இருவர் மீதும் பெரிய கோபம் இருந்ததில்லை. என் கோபமெல்லாம் அந்த ஃபயர்மேன் மீதுதான். அந்த மனிதர் கண்ணை ஒரு முறை லீவர் பக்கம் திருப்பியிருந்தால் போதும் என்று ஒவ்வொரு முறையும் நினைப்பேன். இத்தனைக்கும் நான் தணிக்கைப் பிரிவில் வேலை பார்ப்பவள். ஒரு மார்ச் 31 இரவு, கிடங்குக்குப் போகாமலேயே, சரக்கு இருப்பைச் 'சரிபார்த்தேன்' என்ற வாசகத்துக்குக் கீழே என் பெயரை எழுதியிருக்கிறேன். ஒருமுறை மட்டும் என்று சொன்னால் அதுவும் சரியாக இருக்காது. இதை அந்தப் ஃபயர்மேனோடு சேர்த்துப் பார்க்க எனக்கு அப்போது தோன்றவில்லை.

அப்பாவின் பென்சில்

மூன்று வருடங்களுக்கு முன் அப்பாவுக்கு முழங்கால் அறுவை சிகிச்சை. ஆறு வாரம் என் வீட்டில் இருந்தார். தினசரிகளை விளம்பரம் விடாமல் படித்து முடித்து, வாடகைக்குக் குடியிருப்பவர்களின் நிறுத்துமிடத் தகராறுகளைத் தீர்த்து வைத்து, இனி ஒன்றும் இல்லை என்ற நிலையில் ஒரு மத்தியானம், "அந்த ஷெட்டிலிருந்து எனக்குப் புரிகிற மாதிரி ஒன்று கொடும்மா" என்றார். ரோல்ட்டைக் கொடுத்தேன். அப்பா ஆங்கிலத்தை மெதுவாகப் படிப்பார், கையில் பென்சிலோடு. அர்மாவைப் படித்துவிட்டு, "வேக்குவம் கதை இதுதானா!" என்றார். சில விபத்துகளுக்கு உச்சுக்கொட்டினார். 1910இல் ஹாஸ் ஜங்ஷனில், கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் விடிகாலை, வேலை நெருக்கடியில் இரண்டு தனி இன்ஜின்களை லைனில் நிறுத்தியதையே மறந்து எக்ஸ்பிரஸை விட்டுவிட்ட சிக்னல்மேனைப் படித்தபோது புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்தார். அந்த மனிதர் விபத்து நடந்தது உறுதியாகத் தெரிவதற்கு முன்பே, எக்ஸ்பிரஸை நொறுக்கிவிட்டேன் என்று நினைக்கிறேன், போய் ஸ்டேஷன் மாஸ்டரிடம் சொல் என்று ஆளனுப்பியவர். "நல்ல மனுஷன். நேரே சொல்லிவிட்டான்" என்றார் அப்பா.

குவின்டின்ஷில் பக்கங்களை அவர் படிக்கும்போது நான் எதிரே உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தேன். அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொன்னாலும் சரி. துண்டுத்தாள் விஷயம் வந்த இடத்தில் சிரித்தார். ஃபயர்மேன் கையெழுத்துப் போட்ட இடம் வந்ததும் அவரும் என்னைப் போலவே கொதிப்பார் என்று காத்திருந்தேன். அவர் நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்: "அந்தக் காலர் எங்கே தொங்கிக்கொண்டிருந்தது என்று போட்டிருக்கிறதா?"

எனக்குக் கேள்வி புரியவில்லை. "காலர் மாட்டவில்லை என்பதுதானே அப்பா விஷயம்?"

"மாட்டவில்லை, சரி. மாட்டாதபோது எங்கே இருந்தது? லீவருக்குப் பக்கத்தில் ஆணியில் இருந்ததா, பெட்டிக்குள்ளே இருந்ததா? அதில் தூசி இருந்ததா? அதைக் கேட்டால்தானே அவன் அன்றைக்கு மறந்தானா, என்றைக்குமே மாட்டியதில்லையா என்று தெரியும்."

நான் முறத்தைக் கீழே வைத்துவிட்டேன். பத்து முறை படித்த எனக்கு இந்தக் கேள்வி ஒரு முறைகூட எழவில்லை. மறதி ஒரு வியாதி, பழக்கம் வேறொரு வியாதி, இரண்டுக்கும் ஒரே மருந்து கிடையாது என்று அப்பா தன் போக்கில் சொல்லிக்கொண்டே போனார். ஆள் மறப்பான் என்று தெரிந்துதான் காலரைக் கண்டுபிடித்தார்கள். மறந்ததற்காக ஒருவனைத் திட்டினால் காலர் எதற்கு? ஆனால் ஆறு மாதம் காலர் மாட்டாமல் வேலை பார்த்து, ஒன்றும் ஆகாமல் போனால், ஏழாவது மாதம் காலர் கனமாகத் தெரிய ஆரம்பித்துவிடும். கையெழுத்தும் அப்படித்தான். அந்தப் பையன் படியேறி வந்ததே பெரிது என்றார். நூறு தடவை வந்து பார்த்து, நூறு தடவையும் சிக்னல்மேன் "தெரியும் தெரியும், போடு" என்று பேனாவை நீட்டியிருப்பான்; நூற்றியோராவது தடவை லீவரைப் பார்க்கவா செய்வான்? பதிவேட்டில் ஆறு மணிக்குக் கையெழுத்து மாறுகிறதா என்று பார்க்கிற அதிகாரி, லீவரில் காலர் இருக்கிறதா என்று ஒரு நாளாவது காலை ஆறரைக்கு வந்து பார்த்தானா? "இதையெல்லாம் யாரும் வேண்டுமென்று செய்வதில்லை அம்மா" என்று நிறுத்தினார்.

கொஞ்ச நேரம் கழித்து, "என் காலர் பீரோவில் இருந்தது" என்றார்.

எழுபதுகளில் அவர் இருந்த ஒரு சின்ன ஸ்டேஷன், பெயர் வேண்டாம். மீட்டர் கேஜ், ஒற்றை லைன், ஒரு மெயின், ஒரு லூப். ராத்திரிப் பணியில் ஸ்டேஷன் மாஸ்டர் ஒருவர், வண்டி எந்த லைனில் போக வேண்டுமோ அதற்குத் தண்டவாளத்தைத் திருப்பிவிடும் பாயிண்ட்ஸ்மேன்கள் இரண்டு பேர். லூப்பில் பழுதான வேகன்கள் நின்றதால் அன்று ஒரு கூட்ஸை மெயினில் வாங்கி நிறுத்தியிருந்தார். பழுது வேகன்களைக் கூட்ஸோடு கோத்து லூப்பைக் காலி செய்த பிறகு டிரைவரும் கார்டும் பணி நேரம் முடிந்து படுக்கப் போய்விட்டார்கள். மழை. விடிகாலை மூன்றரைக்குப் பாசஞ்சர் வர வேண்டும். அடுத்த ஸ்டேஷன் கேட்டது, அனுமதிக்கு அடையாளமான பிரைவேட் நம்பர் கொடுத்தார், பதிவேட்டில் எழுதினார். எல்லாம் விதிப்படி. பிறகு பாயிண்ட்ஸ்மேனைக் கூப்பிட்டு, "மெயினுக்குப் போடு" என்று சாவியைக் கொடுத்தார். பாசஞ்சரை எப்போதும் மெயினில்தான் வாங்குவார்கள். வாய் தானாகச் சொல்லிவிட்டது.

அந்த ஆள் சாவியை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார். "மெயினா சார்?" என்றார். "சொன்னது காதில் விழவில்லையா?" என்று அப்பா கத்தினார். அவர் ஒன்றும் பேசவில்லை. கதவை முழுக்கத் திறந்துவிட்டு, ஓரமாக ஒதுங்கி நின்றார். மழைக்கு நடுவில் கூட்ஸின் டெயில் லேம்ப் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

அவ்வளவுதான். பாசஞ்சர் லூப்பில் வந்து, நின்று, போயிற்று. பதிவேட்டில் ஒரு அடித்தல் திருத்தல் இல்லை. மறுநாள் காலை அப்பா பீரோவைத் திறந்து, ஆய்வு நாட்களில் மட்டும் எண்ணெய் போட்டுத் துடைத்து வெளியே வைக்கப்படும் சிவப்புக் காலர்களை எடுத்து, மேசைக்கு நேர் எதிரே ஆணியடித்து மாட்டினார். ஓய்வுபெறும் வரை எந்த ஸ்டேஷனுக்குப் போனாலும் முதல் வேலை அந்த ஆணிதான். எனக்கு அந்த ஆணி நினைவிருக்கிறது. சின்ன வயதில் சாப்பாட்டுக் கேரியரை அதில் மாட்டப்போய் அடி வாங்கியிருக்கிறேன். எதற்கு அடித்தார் என்று அன்றுவரை எனக்குத் தெரியாது.

ஒரு பந்தயம், ஒரு ஆறு

அதன் பிறகு அலமாரியில் இருந்த மற்றவற்றையும் அந்தக் கேள்வியோடு எடுத்துப் பார்க்க ஆரம்பித்தேன். பல புத்தகங்கள் தேறவில்லை. ரோல்ட்டின் புத்தகம் வெளிவந்த அதே 1955இல், ஜூன் 11 அன்று, பிரான்ஸின் ல மான் 24 மணி நேரப் பந்தயத்தில் மோட்டார் பந்தய வரலாற்றின் மிகப் பெரிய விபத்து நடந்தது. ஜாகுவார் ஓட்டிய மைக் ஹாதோர்ன், பந்தயத்துக்கு நடுவே கார்கள் பெட்ரோல் போட நிற்கும் பிட்டில் நிறுத்துவதற்காகப் பிரேக் போட, பின்னால் வந்த லான்ஸ் மேக்ளின் தன் ஆஸ்டின் ஹீலியை இடப்பக்கம் ஒடிக்க, அதன்மேல் பியர் லெவேயின் மெர்சிடிஸ் ஏறிப் பறந்து கரையில் மோதிச் சிதறியது. எண்பதுக்கு மேற்பட்ட பார்வையாளர்களும் லெவேயும் இறந்தார்கள். பந்தயப் புத்தகங்கள் எழுபது வருடமாக ஒரே வழக்கை நடத்திக்கொண்டிருக்கின்றன: குற்றம் ஹாதோர்னுடையதா, மேக்ளினுடையதா, லெவேயுடையதா? 1958இல் ஹாதோர்ன் தன் வரலாற்றை எழுதி, தன்மேல் தவறில்லை என்றார். அது தன்னைக் குற்றவாளியாக்குகிறது என்று மேக்ளின் அவதூறு வழக்குத் தொடுத்தார். தீர்ப்புக்கு முன்பே, 1959 ஜனவரியில், ஹாதோர்ன் சாதாரணச் சாலை விபத்தில் இறந்துபோனார். ஆனால் அதிகாரபூர்வ விசாரணை எந்த ஓட்டுநரையும் குற்றவாளியாக்கவில்லை. மெதுவாக ஓடிய பழைய கார்களின் காலத்தில் அமைத்த பாதையில், பிட்டுக்குத் தனி வழி இல்லாமல், கூட்டத்துக்கும் காருக்கும் நடுவில் ஒரு மண் கரையை மட்டும் வைத்துக்கொண்டு, மணிக்கு இருநூறு கிலோமீட்டருக்கு மேல் ஓடவிட்டிருந்தார்கள். அடுத்த வருடப் பந்தயத்துக்கு முன் பிட்டையும் பார்வையாளர் மாடங்களையும் இடித்துக் கட்டினார்கள். என் பந்தயப் புத்தகங்களில் இந்த மண் கரைக்கு ஒரு பத்தி, மூன்று ஓட்டுநர்களுக்கு ஒரு அத்தியாயம். வீரர்களைப் பற்றித்தான் வாசகர் படிக்க விரும்புவார்கள், மண் கரையைப் பற்றி யார் படிப்பார்கள் என்பது பதிப்பாளரின் கணக்காக இருக்கலாம். நான் படிப்பேன்.

நமக்கும் ஒரு வழக்கு இருக்கிறது. 1956 நவம்பர் 23 விடிகாலை, அரியலூருக்குப் பக்கத்தில் வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலம் உடைந்து சென்னை – தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்தது. 140க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அப்பா அப்போது லால்குடியில் பள்ளி மாணவர். அன்று அந்தப் பக்கம் வண்டிச் சத்தமே கேட்கவில்லை என்பதுதான் அவருடைய நினைவு. அரியலூர் என்றதும் தமிழ்நாட்டில் எவரும் சொல்லும் விஷயம் ஒன்றுண்டு: ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். அந்த வருடமே மெகபூப்நகர் விபத்துக்காக அவர் கொடுத்த விலகலை நேரு ஏற்கவில்லை; இரண்டாம் முறை ஏற்றார். இன்னொன்று, துணையமைச்சர் அழகேசனை வைத்து 'ஆண்டது', 'மாண்டது' என்று எதுகை போட்டு எழுந்த தேர்தல் முழக்கம். இரண்டையும் நான் பள்ளிப் பட்டிமன்றங்களில் கேட்டே வளர்ந்தவள். ஒன்று தியாகம், ஒன்று வசை. பாலத்தைப் பற்றி யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. சாஸ்திரியின் விலகலைக் குறைத்துப் பேசவில்லை; அது பெரிய காரியம். ஆனால் அந்த ஒரு செய்கையின் வெளிச்சத்தில் ஆறு, கரை, தூண், தண்டவாளம் எல்லாம் கண்ணுக்குத் தெரியாமல் போய்விட்டன என்று எனக்கு ஒரு குறை. சிறை சென்ற டின்ஸ்லியும் பதவி விலகிய அமைச்சரும் ஒரே தட்டில் நிற்கக் கூடியவர்கள் இல்லைதான். இருவர் விஷயத்திலும் பெயர் ஒன்று கிடைத்தவுடன் ஊர் நிம்மதியாகி வீட்டுக்குப் போய்விட்டது.

இதை அப்பாவிடம் சொன்னேன். அவர் உடனே மழைக்கால ரோந்துக்குப் போய்விட்டார். மழை நாட்களில் பேட்ரோல்மேன் ஒருவர் விளக்கும், டிரைவரை எச்சரிக்கத் தண்டவாளத்தில் வைக்கும் வெடியான டெட்டனேட்டரும் எடுத்துக்கொண்டு இரவு முழுக்கத் தண்டவாளத்தில் நடப்பார். அவரிடம் ஒரு நோட்டு இருக்கும். ஸ்டேஷனுக்கு வந்ததும் ஸ்டேஷன் மாஸ்டர் அதில் நேரம் போட்டுக் கையெழுத்துப் போட்டு அனுப்புவார். "நான் ஆயிரம் முறை போட்டிருக்கிறேன். பாலத்தில் தண்ணீர் எந்தக் கோடு வரைக்கும் வந்திருக்கிறது என்று எத்தனை முறை கேட்டேன் என்று நினைக்கிறாய்?" பதிலை அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இன்றும் இந்தியாவில் பெரிய ரயில் விபத்துகளை விசாரிப்பவர்கள் ரயில்வே அமைச்சகத்தின் கீழ் இல்லை. ரயில்வே பாதுகாப்பு ஆணையர்கள் விமானப் போக்குவரத்து அமைச்சகத்தின் கீழ் இருக்கிறார்கள். கேட்பவருக்கு வேடிக்கையாக இருக்கும். தன் வீட்டுக் காலர் எங்கே தொங்குகிறது என்று அடுத்த வீட்டுக்காரர் வந்து பார்த்தால்தான் உண்டு என்று 1941இலேயே பிரித்து வைத்த ஏற்பாடு அது. அந்த அறிக்கைகளை எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ரோல்ட் போல, கையில் கிரீஸ் பட்ட ஒருவர் தமிழில் எழுதிய புத்தகம் என் ஷெட்டில் இன்னும் வந்து நிற்கவில்லை. இடம் ஒதுக்கி வைத்திருக்கிறேன்.

தோழியிடம் இதையெல்லாம் சொல்ல வேண்டும் என்று நினைத்ததுண்டு. அவள் வேறு ஊருக்குப் போய்விட்டாள். தொலைபேசியில் கூப்பிட்டு, பத்து வருடத்துக்கு முன் நீ கேட்டதற்குப் பதில் என்று ஆரம்பித்தால் பயந்துவிடுவாள்.

ஊருக்குத் திரும்பும் நாள், பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்த அப்பாவிடம், அந்த பாயிண்ட்ஸ்மேன் பெயர் என்ன என்று கேட்டேன். அப்பா வாயைத் திறந்தார். கூட்ஸின் எண்ணைச் சொன்னார். பாசஞ்சரின் எண், அன்றைய இன்ஜின் எந்த ஷெட்டைச் சேர்ந்தது, அடுத்த ஸ்டேஷனில் யார் பணியில் இருந்தார், எல்லாம் சொன்னார். பெயர் வரவில்லை. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். "பதிவேட்டில் அவனுக்குப் பத்தி கிடையாது" என்றார், ஏதோ அது காரணம்போல. வண்டியேறும்வரை பேசவே இல்லை.

இரண்டு நாள் கழித்து விடிகாலை நாலே காலுக்குத் தொலைபேசி அடித்தது. இந்த நேரத்துக்கு வரும் அழைப்பு நல்லதாக இருக்காது என்று கை நடுங்கத்தான் எடுத்தேன். "ஞாபகம் வந்துவிட்டது" என்றார் அப்பா. பெயரைச் சொன்னார். ஊரையும், வீட்டில் அவரை எப்படிக் கூப்பிடுவார்கள் என்பதையும் சொன்னார். எழுதிக்கொண்டாயா என்று கேட்டார். விளக்கைப் போட்டு, கையில் கிடைத்த புத்தகத்தின் பின்னட்டை உள்பக்கத்தில் எழுதிக்கொண்டேன்.